ஓட்டமா, நடையா: கார்டிசோல் பயத்துக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியின் சாரம் இது. வயது 38, உயரம் 168 செ.மீ., இப்போதைய எடை 78 கிலோ. ஓசூர் சிப்காட்டில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். வாரத்தில் 6 நாள் ஜிம்மில் 40 நிமிடம் ஹெச்.ஐ.ஐ.டி. எனப்படும் கடும் இடைவெளிப் பயிற்சி. தூக்கம் 5 மணி நேரம். காலை உணவு கிடையாது. நாளுக்கு 1,200 கலோரி என்று கணக்கு. முதல் 3 வாரத்தில் 4 கிலோ இறங்கியது. அடுத்த 6 வாரமாக எடை நகரவில்லை, தொப்பையும் அப்படியே. "ஓடினால் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும், அதுதான் தொப்பை போடுகிறது, நடந்தால் போதும்" என்று நண்பர் சொல்கிறார். ஜிம் மாஸ்டரோ "இன்னும் கடுமையாகப் போடணும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதையும் அப்படியே கேட்க வேண்டாம். பயிற்சியின்போது ஏறும் கார்டிசோல் உங்களுக்குத் தொப்பை போடவில்லை. ஆனால் 5 மணி நேரத் தூக்கம், மாறும் ஷிப்ட், 1,200 கலோரி ஆகிய மூன்றின் மேலும் 6 நாள் கடும் பயிற்சியை ஏற்றியிருக்கிறீர்கள். இதில் இன்னும் கடுமையைக் கூட்டினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நடக்க மட்டும் செய்தால் தசையை இழப்பீர்கள். எந்த வாரம் எவ்வளவு கடுமை என்பதை அந்த வாரத்துத் தூக்கம்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கார்டிசோல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கு ஆணையிட, பிட்யூட்டரி ஏ.சி.டி.ஹெச். என்ற ஹார்மோனைச் சுரக்க, அது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டுகிறது. அங்கிருந்துதான் கார்டிசோல் வருகிறது. பகலில் விழித்திருந்து இரவில் தூங்குகிறவருக்கு இது விழித்த அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். பிறகு நாள் முழுக்க இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தைத் தொடும். கார்டிசோல் விஷம் அல்ல. சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ரத்தச் சர்க்கரை விழாமல் பிடித்து வைப்பதும், உழைக்கும்போது கொழுப்பைக் கரைத்து எரிபொருளாகத் தருவதும் அதன் வேலைகளில் சில. உச்சம் வந்தால் கெடுதல் இல்லை. இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் நிற்பதுதான் கெடுதல்.

பயிற்சியின் கடுமைக்கும் கார்டிசோலுக்கும் உள்ள உறவு அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. பயிற்சிப் பழக்கம் உள்ள 12 ஆண்களை வைத்து நடத்தி 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவரின் அதிகபட்ச ஆக்சிஜன் உள்ளெடுப்புத் திறனில் 40 சதவீத அளவில் 30 நிமிடம் உழைத்தபோது கார்டிசோல் ஏறவில்லை, சற்றே இறங்கியது. 60 சதவீதத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் ஏறியது. 80 சதவீதத்தில் 83 சதவீதம் ஏறியது. உங்கள் வயதுக்கு இதை நாடித்துடிப்பாக மாற்றிக்கொள்ளலாம். 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும். உங்களுக்குச் சுமார் 181. நிமிடத்துக்கு 110 முதல் 125 வரை துடித்தால் மிதமான வேகம். முழு வாக்கியமாகப் பேச வரும், பாட வராது. 136ஐத் தாண்டினால் கார்டிசோல் ஏறத் தொடங்கும் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். 160இல் மூன்று, நான்கு சொற்களுக்கு மேல் சேர்ந்து வராது.

ஏறுவது உண்மை என்றால் நண்பர் சொல்வது சரிதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஏற்றம் பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் கூடவே அட்ரீனலினும் நார்அட்ரீனலினும் ஏறியிருப்பதால் கொழுப்புச் செல்கள் சேமித்ததை வெளியே விடும். பசியும் சற்று அடங்கும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியும் உள்கொழுப்பு, உடற்பயிற்சிக்கு நன்றாகவே இறங்கும். எடை அதிகம் குறையாதவர்களிடம்கூட இடுப்புச் சுற்றளவு குறைவதற்கு அதுதான் காரணம். ஆகவே ஓட்டம் தொப்பை போடும் என்பது தவறு.

கார்டிசோல் உண்மையிலேயே தொந்தரவு செய்வது வேறு வழியில். தூக்கம் குறைந்து மாலையிலும் இரவிலும் அது இறங்காமல் நின்றால், இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கேட்கும் பசி வரும். இன்சுலினின் பிடி தளரும். தசைப் புரதம் கரையும். வயிற்று உள்கொழுப்பில் கார்டிசோலை வாங்கும் ஏற்பிகள் மற்ற இடத்தைவிட அதிகம். செயலிழந்த கார்டிசோனை அங்கேயே மறுபடி கார்டிசோலாக மாற்றும் நொதியும் இருக்கிறது. மிஞ்சுகிற கலோரி அங்கே போய்ச் சேருவதற்கு இது வழி செய்து கொடுக்கிறது. ஆனால் மிஞ்சுகிற கலோரி இல்லாமல் கொழுப்பு சேராது. கார்டிசோல் வெறும் காற்றிலிருந்து கொழுப்பை உருவாக்குவதில்லை; உங்களை அதிகம் சாப்பிட வைத்து, குறைவாக அசைய வைத்துத்தான் அந்த வேலையைச் செய்கிறது.

தூக்கத்தின் பங்கை எவ்வளவு சொன்னாலும் தகும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், அதிக எடையுள்ள 10 பேருக்கு ஒரே அளவுக் குறை கலோரி உணவைக் கொடுத்து, 14 நாள் படுக்கையில் 8.5 மணி நேரமும், வேறொரு 14 நாள் 5.5 மணி நேரமும் இருக்க வைத்தார்கள். இரண்டு முறையும் இறங்கிய எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 3 கிலோ. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. குறைவாகத் தூங்கியபோது 0.6 கிலோ மட்டுமே கொழுப்பு, மீதி தசை உள்ளிட்ட கொழுப்பற்ற பகுதி. நீங்கள் இப்போது தூங்குவது அதைவிடக் குறைவு. 6 நாள் ஜிம்மில் சிந்தும் வியர்வையின் பலனைப் படுக்கையில் இழந்துகொண்டிருக்கிறீர்கள்.

உணவை ஒரேயடியாக வெட்டுவதும் இதே வகை. 3 வாரம் 1,200 கலோரியில் வைத்த பெண்களிடம் கார்டிசோல் கூடியது என்று 2010இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. உங்கள் உயரம், எடை, வயதுக்கு அசையாமல் படுத்திருந்தாலே உடல் செலவழிப்பது சுமார் 1,645 கலோரி. நின்று வேலை செய்து பயிற்சியும் செய்தால் 2,300க்கு மேல். 1,200 என்பது பாதியளவுதான். இவ்வளவு பெரிய பள்ளத்தை 6 வாரம் உண்மையாகவே தாங்கியிருந்தால் எடை நகராமல் இருக்க வாய்ப்பே இல்லை. இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. நேர்மையாக எழுதுகிறவர்கள்கூடத் தவறவிடும் சில இடங்கள் உண்டு. பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ ஒன்றுக்கு 80 கலோரி என்று வைத்தால், ஷிப்டில் 5 டீ குடித்தால் 400. கைப்பிடி வேர்க்கடலை 50 கிராம் என்றால் 260. இரவு 2 மணிக்குக் கேன்டீனில் இரண்டு போண்டா, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. பட்டினி கிடந்து சேர்த்த பள்ளத்தில் பெரும்பகுதி இப்படியே நிரம்பிவிடும். அதுவும் 5 மணி நேரம் தூங்கியவரின் மன உறுதியை நம்பி எந்தக் கணக்கும் போடக் கூடாது.

இன்னொரு பக்கம், எடை காட்டும் எண்ணையும் முழுதாக நம்பாதீர்கள். முதல் 3 வாரத்தில் போன 4 கிலோவில் கணிசமான பங்கு தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து போய்விடும். பிறகு கதை திரும்புகிறது. கார்டிசோல் தொடர்ந்து கூடியிருந்தால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் நிறுத்தி வைக்கும். நாள் தவறாமல் குதித்து வலிக்கும் தசையும் வீங்கித் தண்ணீர் பிடிக்கும். கொழுப்பு இறங்கினாலும் எடை இறங்காதது போலத் தெரியும். இப்படி 2, 3 வாரம் மறைக்கலாம். ஆனால் 6 வாரமாக இடுப்புச் சுற்றளவும் அசையவில்லை என்றால் தண்ணீர் மட்டும் காரணம் இல்லை, உணவுக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது.

"கொழுப்பு எரியும் வேகம்" என்று டிரெட்மில்லில் எழுதியிருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிதமான வேகத்தில் எரிபொருளில் கொழுப்பின் பங்கு அதிகம் என்பது சரி. ஆனால் உணவு ஒன்றாக இருந்தால், நாள் முடிவில் கொழுப்பின் வரவு செலவு ஏறக்குறையச் சமன் ஆகிவிடும். செலவு கணக்கைப் பாருங்கள்: 78 கிலோ உடம்பை வைத்து வேகமாக 45 நிமிடம் நடந்தால் 260 கலோரி, மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் 20 நிமிடம் ஓடினால் 225. கடும் பயிற்சிக்குப் பிறகும் மணிக்கணக்கில் கொழுப்பு எரியும் என்று சொல்லப்படும் கூடுதல் செலவு, பயிற்சியில் செலவானதில் பெரும்பாலும் 6 முதல் 15 சதவீதம்தான். 225 கலோரிக்கு அதிகபட்சம் 35. ஒரு பிஸ்கட் அளவு. கொழுப்புக் குறைப்பில் இரண்டும் சம பலம் என்பதுதான் ஒப்பிட்ட ஆய்வுகளின் பொதுவான முடிவு. அப்படியிருக்க உங்களுக்கு நடையை அடிப்படையாகச் சொல்வதற்குக் காரணம் வேறு: நடையை மறுநாளும் செய்யலாம், தூக்கத்தைக் கெடுக்காது, முடித்துவிட்டு நாற்காலியில் சரிய வைக்காது. கடும் பயிற்சி செய்த பலர் மீதி நாளில் தங்களை அறியாமல் அசைவைக் குறைத்துவிடுகிறார்கள். எரித்ததில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடுகிறது.

இனி செய்ய வேண்டியது. முதல் 10 நாள் ஹெச்.ஐ.ஐ.டி. முழுக்க நிறுத்துங்கள். நடை மட்டும், துடிப்பு 110 முதல் 125க்குள். உணவை 1,900 கலோரிக்கு ஏற்றுங்கள். ஆமாம், ஏற்றத்தான் சொல்கிறேன். முதல் சில நாளில் கிளைகோஜன் நிரம்பி எடை அரை கிலோ, ஒரு கிலோ ஏறலாம். பயந்து மறுபடி பட்டினி கிடக்க வேண்டாம். அதன் பிறகு ஷிப்டை வைத்து வாரத்தைப் பிரியுங்கள்.

இரண்டாம் ஷிப்ட், அதாவது மதியம் 2 முதல் இரவு 10 வரையிலான வாரம்தான் உங்களுக்கு நல்ல வாரம். 12 மணிக்குப் படுத்து 7:30க்கு எழலாம். 9 மணிக்குப் பயிற்சி வைத்தால் உடம்பும் சூடாகியிருக்கும். இந்த வாரம் 3 நாள் எடைப் பயிற்சி, 3 நாள் 45 நிமிட நடை, ஒரு நாள் ஓய்வு. நடை நாளில் ஒன்றை மட்டும் கடும் இடைவெளிப் பயிற்சியாக மாற்றலாம்: 10 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, துடிப்பு 155 முதல் 163 வரை போகும்படி 4 நிமிடம், பிறகு 3 நிமிடம் மெல்ல நடை, இப்படி 4 முறை. ஓடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைப் படியை விடாமல் ஏறினாலே அந்தத் துடிப்பு வந்துவிடும். இறங்கும்போது முட்டி வாங்கும் அடி அதிகம், மெதுவாக இறங்குங்கள்.

முதல் ஷிப்ட் வாரத்தில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க 4:30க்கு எழுந்தாக வேண்டும். 3:30க்கு எழுந்து ஜிம் போவது வேண்டாம். அது தூக்கத்தில் கை வைக்கிறது. சாயங்காலம் 4:30 மணிக்கு 2 நாள் எடைப் பயிற்சி, 3 நாள் நடை. இரவு 9 மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். கடும் இடைவெளிப் பயிற்சி செய்ய ஆசை இருந்தால் 6 மணிக்குள் முடித்துவிடுங்கள். படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரத்துக்குள் துடிப்பை ஏற்றினால் தூக்கம் தள்ளிப்போகும்.

நைட் ஷிப்ட் வாரத்தில் ஹெச்.ஐ.ஐ.டி. கிடையாது. கார்டிசோலின் கடிகாரமே குழம்பிக் கிடக்கும் வாரம் இது. 6 மணிக்கு வெளியே வந்ததும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளை பகலைத் தொடங்கிவிடும். இரண்டு இட்லி, ஒரு முட்டை என்று லேசாகச் சாப்பிட்டு 7:45க்குள் படுங்கள். ஜன்னலுக்குக் கனத்த துணி, போன் அடுத்த அறையில். மதியம் 2 வரை தூங்கி, ஷிப்டுக்குப் போகும் முன் இரவு 7:30 வாக்கில் ஒன்றரை மணி நேரக் குட்டித் தூக்கம் போட்டால் 7.5 மணி நேரம் தேறும். ஷிப்டில் கடைசி டீ 1 மணிக்கு. கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். பயிற்சி சாயங்காலம் 5 மணிக்கு: 30 முதல் 45 நிமிட நடை, இரண்டு நாள் வழக்கத்தில் பாதி அளவு எடைப் பயிற்சி. இந்த வாரத்தில் நாளின் முக்கியச் சாப்பாடு எல்லாம் இரவு 9 மணிக்குள். நடுஇரவில் அவித்த கொண்டைக்கடலை, மோர் போல ஏதாவது போதும்.

எடைப் பயிற்சியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தசை கரைவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. பஸ்கி அல்லது ஸ்குவாட், டெட்லிஃப்ட், தண்டால், முதுகுக்கு ரோ, தோளுக்கு மேல் தூக்கும் பிரஸ். ஒவ்வொன்றும் 3 செட், 8 முதல் 12 முறை. இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்திவிடுங்கள். செட்டுக்கு நடுவே 2 நிமிடம் உட்காருங்கள். ஓய்வே இல்லாமல் அடுத்தடுத்துப் போட்டால் அது மறுபடி ஹெச்.ஐ.ஐ.டி. ஆகிவிடும், பல ஜிம்களில் நடப்பது இதுதான். அது நீங்கலாக நாளுக்கு 8,000 அடி நடமாட்டம் இருக்கட்டும். ஷாப் ஃப்ளோரில் நிற்கிறவருக்குப் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஓசூரின் உயரத்தில் பிரச்சினை குறைவு. அங்கிருந்து இறங்கி கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஏப்ரல், மே மாதத்தில் அதே வேகத்தில் நடந்தாலும் துடிப்பு 10, 15 கூடும். நடை என்று நினைத்து 140இல் நடந்துகொண்டிருப்பீர்கள். வேகத்தைப் பார்க்காமல் துடிப்பைப் பாருங்கள்.

புரதம் நாளுக்கு 95 முதல் 110 கிராம். நம் பக்கத்துச் சாப்பாட்டிலேயே இது வரும்: 3 முட்டை 18, 100 கிராம் கேழ்வரகு மாவில் கிளறிய களி 7, 50 கிராம் கொள்ளில் செய்த கடைசல் 11, தயிர் 200 கிராமில் 6, கோழிக்கறி 150 கிராமில் 30, சோயா உருண்டை 30 கிராமில் 15, வேர்க்கடலை 30 கிராமில் 7. கூட்டினால் 94, சாப்பிடும் சோறும் பருப்பும் மீதியைத் தரும். களியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். களி சாப்பிட்டால் இளைக்கும் என்று நம்பி மூன்று உருண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 100 கிராம் கேழ்வரகு மாவில் 320 கலோரி, அதே எடை அரிசியில் 350 சொச்சம். பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்தால் பசி தாங்கும் என்பதுதான் அதன் பலம், அந்தப் பலம் ஒரு உருண்டையோடு கீரைக் கடைசல் நிறைய வைத்துக்கொண்டால் கிடைக்கும்.

எடையைத் தினமும் எழுந்து கழிவறை போய்வந்த பின் பாருங்கள், ஆனால் 7 நாள் சராசரியை மட்டும் முந்தைய 7 நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். நைட் ஷிப்ட் வாரத்தை, போன சுற்று நைட் ஷிப்ட் வாரத்தோடு வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். வாரம் ஒருமுறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு முனைக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் டேப் வைத்து அளக்கவும். நம் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குக் கீழ் வருவது இலக்கு. எழுந்ததும் படுக்கையிலேயே துடிப்பை எண்ணுங்கள். வழக்கத்தைவிட 7க்கு மேல் கூடி மூன்று நாள் தொடர்ந்தால் அந்த வாரக் கடும் பயிற்சியை விட்டுவிடுங்கள். மூன்று ஷிப்டும் சுற்றி வந்தபின் சராசரி எடையும் இடுப்பும் இரண்டுமே அசையவில்லை என்றால் உணவில் 150 கலோரி குறைக்கலாம். முதலில் சர்க்கரை டீயிலிருந்து குறையுங்கள்.

"கார்டிசோல் குறைக்கும்" மாத்திரைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அஸ்வகந்தா சிறு ஆய்வுகளில் கார்டிசோலைச் சற்றுக் குறைத்திருக்கிறது. எடைக் குறைப்புக்கு அது மருந்தல்ல. கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. "அட்ரீனல் களைத்துவிட்டது" என்று யாராவது சொன்னால், நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் ஏற்கப்படவில்லை.

கார்டிசோல் நோயாகவே கூடுவதும் உண்டு, அது அரிது. வயிற்றில் ஒரு செ.மீ.க்கு மேல் அகலமான ஊதா நிறக் கோடுகள், லேசாக இடித்தாலே கன்றிப்போகும் தோல், தரையில் குந்தி உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாத தொடைப் பலவீனம், உருண்டு சிவந்த முகம். இவை இருந்தால் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவரைப் பாருங்கள். இதற்குக் காலையில் ஒரே ஒரு முறை ரத்தக் கார்டிசோல் பார்ப்பது பயன்படாது. இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 1 மி.கி. கொடுத்து மறுநாள் காலை 8 மணிக்குப் பார்ப்பது, அல்லது நள்ளிரவு உமிழ்நீரில் பார்ப்பதுதான் சோதனை. உங்கள் நிலையில் அதற்கு முன் தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., சர்க்கரைக்கு ஹெச்பி.ஏ.1.சி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிடுவது நல்லது. சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொன்னால் தூக்கச் சோதனையும் வேண்டும். தூக்கத்தில் மூச்சு நிற்கும் அந்த நோய் இருந்தால் 8 மணி நேரம் படுத்தாலும் முழுத் தூக்கம் தேறாது.

மூட்டுவலிக்கோ, ஆஸ்துமாவுக்கோ பெயர் தெரியாத பொடி, மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது உடம்புக்குள் கார்டிசோல் போலவே வேலை செய்து முகத்தையும் வயிற்றையும் ஊத வைக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். உடம்பின் சொந்தச் சுரப்பு அடங்கிப்போயிருக்கும். ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைப் படிப்படியாகக் குறைப்பதை மருத்துவர் பார்த்துச் செய்வார்.